பின்லாந்தில் நண்பர்கள் ‘சின்ன நடை’ என்று காட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். எவ்வளவு சின்னது?

அரைமைல் (கேள்வி):

வணக்கம். வேலை விஷயமாக ஹெல்சின்கி வந்திருக்கிறேன், மொத்தம் நான்கு வாரம், இது இரண்டாவது. என்னோடு வேலை செய்கிற ஒருவரும் அவர் மனைவியும் நல்ல பழக்கமாகிவிட்டார்கள், இருவரும் இந்த ஊர்க்காரர்கள். நேற்று காபி குடிக்கும்போது அவர், “சனிக்கிழமை நூக்ஸியோ தேசியப் பூங்காவில் ஒரு சின்ன நடை போகிறோம், வருகிறாயா?” என்று கேட்டார். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது.

நான் நடக்கிற ஆள் இல்லை. லிஃப்ட் ஓடாத நாளில் நான்காவது மாடிக்கு ஏறினால், இரண்டாவதில் நின்று போனில் ஏதோ பார்ப்பதுபோல் நடிப்பேன், மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று. எத்தனை கிலோமீட்டர் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது போய்க் கேட்டால் பயந்துவிட்டான் என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

என்னிடம் இருப்பது ஆபீஸ் ஷூ ஒரு ஜோடி, அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்த ஓட்டப்பயிற்சி ஷூ ஒரு ஜோடி. போதுமா? ஒரு டப்பா எடுத்து வரச் சொன்னார்கள், பெர்ரி பறிக்கவாம். தேசியப் பூங்காவில் பறித்தால் அபராதம் போட மாட்டார்களா? பாம்பு உண்டா? உண்ணி கடித்தால் ஏதோ நோய் வரும் என்று இணையத்தில் படித்தேன், படித்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே சும்மாவே அரிக்கிறது. அப்புறம் நெருப்பு மூட்டி சாசேஜ் சுடுவார்களாம், நான் சைவம்.

கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள். இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். ஆபீஸிலாவது வேலை இருக்கிறது. காட்டில் மூன்று மணி நேரம் நான் என்னத்தைப் பேசுவது?


பனிப்பூனை:

நான் ஹெல்சின்கிக்குப் பக்கத்து ஊரான எஸ்போவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், நூக்ஸியோ எங்கள் வீட்டிலிருந்து பக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். அங்கே பெரும்பாலும் எல்லோரும் தொடங்கும் இடம் ஹௌக்கலம்பி. ஹௌக்கா என்றால் வல்லூறு, லம்பி என்றால் குட்டை, ஆக வல்லூற்றுக் குட்டை. அங்கிருந்து குறி போட்ட வட்டப் பாதைகள் மூன்று கிளம்புகின்றன. புனரின்னன்கியெர்ரோஸ் சுமார் 2 கி.மீ., ஹௌகன்கியெர்ரோஸ் சுமார் 4, கோர்பின்கியெர்ரோஸ் 7 கி.மீ.க்கு மேல். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு மூன்றுமே சின்ன நடைதான். பொய் சொல்லவில்லை அவர்கள், அவர்கள் அளவுகோல் அது. எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடவும் வேண்டாம். 4 கி.மீ. என்பது நடைபாதையில் நடக்கும் 4 கி.மீ. இல்லை. பாறை ஏற்றம், வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக, இறங்கினால் சதுப்பு, மறுபடி பாறை. எனக்கு முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஆனது, அதில் அரை மணி நேரம் நான் உட்கார்ந்திருந்த நேரம்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். காரில் போகிறீர்களா, பஸ்ஸிலா? எஸ்போ மையத்திலிருந்து 245 பஸ் போகிறது, ஆனால் அது இறக்கிவிடும் நிறுத்தத்திலிருந்து ஹௌக்கலம்பி சுமார் 2 கி.மீ. உள்ளே. போக 2, வர 2. ஆக 4 கி.மீ. நடை என்று கிளம்பினால் அன்றைக்கு 8 நடந்திருப்பீர்கள். திரும்பி வரும் பஸ் அடிக்கடி கிடையாது, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கூச்சம் என்கிறீர்கள். இதுதான் எனக்கு இங்கே புரியவே இரண்டு வருடம் ஆன விஷயம். நீங்கள் “சரி” என்றால் அவர்கள் அதைச் சரி என்றே எடுத்துக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்து, குரலைப் பார்த்து, “உண்மையிலேயே முடியுமா?” என்று மூன்று தடவை கேட்பது இங்கே வழக்கமில்லை, அது உங்கள் பேச்சை நம்பாததுபோல் ஆகிவிடும். அதே மாதிரி “எனக்குப் பழக்கமில்லை, 4 கி.மீ.க்கு மேல் முடியாது, மெதுவாகத்தான் வருவேன்” என்று சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். கேலியும் இல்லை, ஆறுதலும் இல்லை. “சரி, அப்படியானால் அந்தப் பாதை” என்று திட்டத்தை மாற்றிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கே ஒரு வரி மெசேஜ் அனுப்புங்கள்.

பெர்ரி விஷயம்: அபராதம் இல்லை. யோகைசென் ஓய்கெயுதெத் என்று ஒன்று இருக்கிறது, எல்லோருக்குமான உரிமை. பழைய பெயரில் ‘ஒவ்வொரு ஆணின் உரிமை’ என்று இருந்தது, இப்போது ‘ஒவ்வொருவரின் உரிமை’. தனியார் காடாகவே இருந்தாலும் யாரும் நடக்கலாம், காட்டுப் பெர்ரியும் காளானும் பறிக்கலாம், குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சுற்றுலா வந்தவருக்கும் உண்டு. வீட்டு முற்றத்துக்குள்ளும் பயிர் நிற்கும் வயலுக்குள்ளும் நுழையக் கூடாது. பாசியைப் பெயர்ப்பது, கிளை ஒடிப்பது இந்த உரிமையில் சேராது. தேசியப் பூங்கா என்றால் விதிகள் இன்னும் கொஞ்சம் இறுக்கம், ஆனால் நூக்ஸியோவில் பெர்ரியும் உண்ணும் காளானும் பறிக்கத் தடையில்லை. உள்ளே போகக் கட்டணமும் கிடையாது.

செப்டம்பரில் முஸ்திக்கா என்கிற காட்டு நீலப்பெர்ரி முடிகிற நேரம், நிழலான இடத்தில் இன்னும் மிச்சம் இருக்கும். கடையில் வாங்கும் தோட்டத்து நீலப்பெர்ரி உள்ளே வெளுப்பாக இருக்குமே, இது அப்படி இல்லை, உள்ளேயும் கருநீலம், விரல் பல் நாக்கு எல்லாம் ஊதாவாகிவிடும். வெள்ளைச் சட்டை வேண்டாம். சிவப்பாக, இலை தடித்து பளபளவென்று இருப்பது புவோலுக்கா, அதற்கு இதுதான் பருவம். நல்ல புளிப்பு.


தேய்ந்தசெருப்பு:

பனிப்பூனை அக்கா தூரத்தைச் சொல்லிவிட்டார், நான் ஷூவைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்தவன்.

வழவழத்த ஷூவை எடுத்துக் குப்பையில் போடுங்கள். மிகைப்படுத்தவில்லை. சதுப்பு வரும் இடங்களில் இரண்டு பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பாதை செய்திருப்பார்கள், பித்கோஸ்புவுத் என்று பெயர். காய்ந்திருக்கும்போது அழகு. மழை பெய்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுக்கல் படிந்திருக்கும், சோப்பு தடவிய மாதிரி. நான் மூன்று வருடம் முன்பு ஓர் அக்டோபரில், புத்தம்புது ஓட்ட ஷூவோடு, போனில் படம் எடுத்துக்கொண்டே அதில் நடந்தேன். அடுத்த நொடி முழங்கால் வரைக்கும் சதுப்புக்குள் நிற்கிறேன், போன் மட்டும் கையில் உயர்த்திப் பிடித்தபடி. முன்னால் போன நண்பர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, “அடடா” இல்லை, ஒன்றும் இல்லை. முதுகுப்பையைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கம்பளிக் காலுறையை எடுத்து நீட்டினார். அவருடையது இல்லையாம், யாருக்காவது வேண்டியிருக்கும் என்று எப்போதும் வைத்திருப்பாராம். அந்தக் காலுறையை இன்னும் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால்: அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ, முடிந்தால் தண்ணீர் புகாதது. வாங்க மனமில்லை என்றால் அந்த நண்பர்களிடமே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இரவல் கேளுங்கள். இங்கே அநேகமாக எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு ஜோடி சும்மா நிற்கும், அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவதை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே ஒன்று, மேலே கம்பளியோ ஃபிளீஸோ ஒன்று, அதற்கு மேல் காற்றும் மழையும் தாங்கும் ஒரு ஜாக்கெட். நடக்கும்போது வேர்க்கும், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் குளிரும், கழற்றிப் போட்டு மாற்றத்தான் இத்தனை அடுக்கு. உட்கார ஒரு சின்ன நுரைத்தட்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப் பாறையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.


மருந்துப்பெட்டி:

செவிலியர் நான், துர்க்கு பக்கம் வேலை. உண்ணி பற்றி மட்டும் பேசுகிறேன், பயமுறுத்த அல்ல.

புங்கி என்று சொல்வார்கள். சுமார் 5 டிகிரிக்கு மேல் இருந்தாலே அவை சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், செப்டம்பரில் நன்றாகவே உண்டு. மரத்திலிருந்து குதிக்காது, பறக்காது. புல் நுனியிலும் புதரிலும் காத்திருந்து உரசிப் போகிறவர் மேல் ஒட்டிக்கொள்ளும். பேன்ட் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள், பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கும், பரவாயில்லை. வெளிர் நிறத் துணி போட்டால் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். பாதையை விட்டு உயரமான புல்லுக்குள் இறங்கினால்தான் அதிகம் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள். முழங்கால் பின்பக்கம், இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். கடி வலிக்காது, அதனால் பார்த்தால்தான் உண்டு. இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டியே பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எல்லாம் செய்யாதீர்கள். லைம் நோயின் கிருமி உண்ணி ஒட்டியவுடனே உடம்புக்குள் வந்துவிடாது, பொதுவாக ஒரு நாள் அளவுக்காவது ஆகும், அதனால் அன்று ராத்திரியே எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அதற்குத் தடுப்பூசி இல்லை. உண்ணி வழியாக வரும் மூளைக்காய்ச்சல் வேறு, அது வைரஸ், கடித்ததும் சீக்கிரமே கடத்தப்படும், அதற்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் ஒரே ஊசியில் முடியாது, பல தவணை. நான்கு வாரத்துக்கு வந்த உங்களுக்கு இந்தச் சனிக்கிழமைக்குள் பலன் தராது. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம், உண்ணி கடித்த பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கடித்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு படர்ந்து பெரிதானால் மருத்துவரைப் பாருங்கள், ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகுகூட அது வரலாம், அப்போது அங்கே உள்ள மருத்துவரிடம் பின்லாந்தில் உண்ணி கடித்தது என்று நீங்களாகச் சொல்ல வேண்டும், அவருக்கு அது தோன்றாது.

பாம்பு: விஷமுள்ளது இங்கே ஒன்றே ஒன்றுதான், கியூ என்கிற விரியன், முதுகில் வளைந்து வளைந்து ஒரு கோடு. 2023 ஜூனிலிருந்து அதுவும் பாதுகாக்கப்பட்ட உயிர், அடிக்கக் கூடாது. காலடிச் சத்தத்துக்கே விலகிப் போய்விடும். கையை மட்டும் பார்க்காமல் புதருக்குள் விடாதீர்கள், பெர்ரி பறிக்கிறவர்கள் கடி வாங்குவது அப்படித்தான். கடித்தால் அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 112 கூப்பிட வேண்டும். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ‘112 சுவோமி’ செயலியை இப்போதே போனில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தானாகப் போய்விடும். காட்டுக்குள் நின்றுகொண்டு “பெரிய பாறைக்குப் பக்கத்தில்” என்று சொல்லிப் பயனில்லை.


கூழாங்கல்:

எல்லோரும் பெர்ரி பற்றிச் சொன்னீர்கள், சரி. காளானுக்கு என் அனுபவம்: போன் செயலியில் படம் எடுத்தால் பெயர் சொல்லிவிடுகிறது, நான் இரண்டு தடவை அப்படிப் பறித்துச் சமைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் நிறக் கந்தரெல்லி எல்லாம் குழப்பமே இல்லை. பயப்படாமல் முயற்சி செய்து பாருங்கள்.


பனிப்பூனை:

கூழாங்கல், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை இப்படியே விட முடியாது. இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம், அறிவு இல்லை.

இதே செப்டம்பரில், இதே பாசி படர்ந்த ஸ்ப்ரூஸ் காட்டில், சுப்பிலோவஹ்வெரோ என்ற நல்ல காளான் முளைக்க ஆரம்பிக்கும், எல்லோரும் கூடை கூடையாகப் பறிப்பார்கள். அதன் பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் சுய்ப்புமிர்க்குசெய்திக்கி என்ற ஒன்று முளைக்கும், அது சிறுநீரகத்தைச் சிதைத்துவிடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது, நாள் கணக்கில் கழித்துத்தான் அறிகுறி வரும், அதற்குள் கெடுதல் நடந்து முடிந்திருக்கும். மேலே இருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து எந்தச் செயலியும் இதற்கு உத்தரவாதம் தராது. தூய வெள்ளையாக இன்னொன்று உண்டு, வல்கோகார்பாஸ்ஸியெனி, அது கல்லீரலைச் சிதைத்துவிடும். கூட வருகிற நண்பர் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, இது என்று சொன்னால் பறியுங்கள். அவரே “தெரியவில்லை” என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த ஊர்க்காரர்கள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட மாட்டார்கள், அது ஒரு வசதி.

பெர்ரியிலும் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு இலை சுற்றி நிற்க நடுவில் ஒற்றையாக ஒரு கரும்பழம் இருந்தால் அது சுதென்மர்யா, ஓநாய்ப் பெர்ரி என்று அர்த்தம், விஷம். பின்லாந்தின் தேசியப் பூவான கியெலோ இருக்கிறதே, வசந்தத்தில் மணக்க மணக்கப் பூக்கும் வெள்ளைப் பூ, அது இந்த மாதம் ஆரஞ்சுச் சிவப்பில் பழம் காய்த்து நிற்கும், அதுவும் விஷம். அகலமான இலை, புவோலுக்காவின் குட்டி இலை மாதிரி இருக்காது.

ஒரு வேடிக்கை. உங்கள் நண்பர்கள் கந்தரெல்லி கிடைக்கும் இடத்துக்கே உங்களைக் கூட்டிப் போனால் அது பெரிய மரியாதை. என் பக்கத்து வீட்டு அம்மா ஒன்பது வருடமாக எனக்குப் பறித்த காளான் தருகிறார், இடம் எங்கே என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. “அந்தப் பக்கம்” என்பார், கையை எல்லாத் திசைக்கும் வீசி.


கூழாங்கல்:

சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். இனி செயலியை நம்பவில்லை.


தேய்ந்தசெருப்பு:

நெருப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. நினைத்த இடத்தில் மூட்ட முடியாது, அதற்கென்று இடம் கட்டி வைத்திருப்பார்கள், நூக்ஸியோ மாதிரி இடங்களில் விறகும் அவர்களே கொட்டகையில் வைத்திருப்பார்கள், இலவசம். கோடரியும் இருக்கும். தேவைக்கு மட்டும் பிளந்து எடுப்பது மரியாதை. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் அந்தத் திறந்த நெருப்பிடத்திலும் மூட்டக் கூடாது, உங்கள் நண்பர்கள் காலையிலேயே பார்த்துவிடுவார்கள். சைவம் என்பதை முன்பே சொல்லுங்கள், சைவ சாசேஜ் எல்லாப் பெரிய கடையிலும் உண்டு. குச்சியில் குத்திச் சுடும்போது உங்களுடையதற்குத் தனிக் குச்சி கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். குப்பைத்தொட்டி தேடாதீர்கள், இருக்காது. கொண்டுபோன குப்பை கொண்டுவர வேண்டியது உங்கள் பையில்தான், ஒரு உறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது கொடுத்தால், வேண்டும் என்றால் முதல் தடவையிலேயே வேண்டும் என்று சொல்லுங்கள். காபி ஊற்றட்டுமா என்று கேட்பார், நீங்கள் மரியாதைக்கு வேண்டாம் என்றால் ஃபிளாஸ்க் மூடப்பட்டுவிடும். நான் ஒரு முழு மதியம் இப்படிக் காபி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.


கூழாங்கல்:

பேசாமல் இருப்பது பற்றி ஒன்று. பின்லாந்துக்காரர்கள் பேசவே மாட்டார்கள் என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். என்னோடு ஒருவர் வந்தார், அவருடைய ஏரிக்கரைக் குடிசையின் கழிப்பறையை எப்படிக் கட்டினேன் என்று இரண்டு மணி நேரம் சொன்னார், மண் வகை உட்பட. விஷயம் இருந்தால் பேசுவார்கள். விஷயம் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவுதான், அதை நிரப்ப வேண்டிய பள்ளமாக அவர்கள் பார்ப்பதில்லை. நீங்கள் வானிலை, டிராஃபிக் என்று அவஸ்தைப்பட்டு எதையாவது எடுத்துப் போட்டால் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள், அவர்களுக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒன்றைக் கேளுங்கள். இந்த மரம் என்ன, இந்த ஓட்டை யார் போட்டது. அதற்கு நீளமாகப் பதில் வரும்.


மருந்துப்பெட்டி:

ஒன்றை விட்டுவிட்டேன். ஹிர்விகார்பானென். கடமான் ஈ. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் இதன் ஆட்டம். தட்டையாக இருக்கும், மேலே வந்து உட்கார்ந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு முடிக்குள் ஊர்ந்து போகும். நோய் எதுவும் பெரிதாகத் தராது, ஆனால் தலைக்குள் ஊர்கிற உணர்வு இருக்கிறதே, சொல்லி மாளாது. கடித்த இடம் சிலருக்கு வாரக்கணக்கில் அரிக்கும். தொப்பி போட்டு, முடியை உள்ளே சொருகிக்கொள்ளுங்கள். நசுக்கினாலும் சாகாது, நகத்தால் கிள்ள வேண்டும். முன்கூட்டியே சொன்னால் வர மாட்டீர்கள் என்றுதான் அநேகமாக உங்கள் நண்பர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.


அரைமைல்:

போய் வந்துவிட்டேன், ஞாயிறு காலை எழுதுகிறேன், தொடை இரண்டும் கல் மாதிரி இருக்கிறது.

வியாழக்கிழமையே மெசேஜ் அனுப்பினேன், “4 கி.மீ.க்கு மேல் முடியாது, மெதுவாக நடப்பேன், சைவம், ரப்பர் பூட்ஸ் இல்லை” என்று ஒரே மூச்சில். பதில் வந்தது: “சரி. கால் அளவு என்ன?” அவ்வளவுதான். இரண்டு நாள் தூக்கம் கெட்டதற்கு இவ்வளவுதான் பதில்.

காரில் போனோம், அதனால் பஸ் நிறுத்தத்து 2 கி.மீ. தப்பியது. முதலில் 2 கி.மீ. பாதை என்றுதான் திட்டம். அரை மணி நேரத்தில் எனக்கே தைரியம் வந்து, பெரியதற்கே போகலாம் என்று நானாகச் சொன்னேன். சொன்ன வாய் அடுத்த பாறை ஏற்றத்திலேயே வருத்தப்பட்டது. அவர் முன்னால், அவர் மனைவி எனக்குப் பின்னால். வேண்டுமென்றே பின்னால் வந்தார் என்பது பாதி வழியில்தான் புரிந்தது. நான் நிற்கும்போதெல்லாம் அவரும் நின்று பெர்ரி பறிக்க ஆரம்பிப்பார், எனக்காக நின்றதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் மாடிப்படியில் போன் பார்ப்பதுபோல் நடிப்பேன் என்றேனே, அதே வேலையை இங்கே எனக்காக இன்னொருவர் செய்கிறார். அவர் டப்பா நிறைந்ததற்கு முழுக் காரணம் என் மூச்சிரைப்பு.

பலகைப் பாதை வந்தது. தேய்ந்தசெருப்பு, உங்களை நினைத்துக்கொண்டே போனைப் பைக்குள் வைத்துவிட்டு வாத்து மாதிரி நடந்தேன், விழவில்லை. கடமான் ஈ மூன்று வந்தன, ஒன்று தொப்பிக்குள்ளேயே போய்விட்டது. அவர் மனைவி என் தலையைக் குனியச் சொல்லி, காதோரத்தில் தேடி, நகத்தால் எடுத்து “நோ நீன்” என்றார். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு எத்தனை அர்த்தத்தில் கேட்டேன் என்று கணக்கே இல்லை. கிளம்பலாமா என்பதற்கும் அதுதான், சாசேஜ் வெந்துவிட்டது என்பதற்கும் அதுதான், மழைத் தூறல் ஆரம்பித்தபோதும் அதுதான்.

பேச்சு விஷயம். ஓர் ஓடைக்கு மேலே பாறையில் உட்கார்ந்தோம், கீழே கறுத்த தண்ணீர், தேநீர் டிகாக்‌ஷன் நிறம். ஏன் அப்படி என்று கேட்டேன். சதுப்பு மண்ணிலிருந்து ஊறி வருகிற நிறம், அழுக்கு இல்லை என்று அவர் ஆரம்பித்தார், பத்து நிமிடம் சொன்னார், அவருடைய அப்பா சின்ன வயதில் இந்த மாதிரிக் குட்டையில் நீந்தக் கற்றுக்கொடுத்தது வரைக்கும் போனது. ஆபீஸில் இத்தனை நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் மூன்று பேரும் சும்மா இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் எங்கேயோ ஒரு மரங்கொத்தி தட்டியது, நின்றது. எதையாவது பேச வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை என்பதே பிறகு காரில் வரும்போதுதான் தோன்றியது.

காபி கேட்டபோது முதல் தடவையிலேயே வேண்டும் என்றேன்.

ராத்திரி குளிக்கும்போது இடது முழங்கால் பின்னால் ஒன்று. எள் அளவு. இடுக்கி வைத்து எடுத்துவிட்டேன், முழுதாக வந்தது, கடித்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு நாட்காட்டியிலும் குறித்துவிட்டேன். மருந்துப்பெட்டி, கடித்த இடத்தில் இப்போது சின்னதாகச் சிவப்பு இருக்கிறது, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. இதுதானா அது?


மருந்துப்பெட்டி:

ஒரே ராத்திரியில் வருகிற சின்னச் சிவப்பு பெரும்பாலும் கடியின் எரிச்சல்தான், கொசு கடித்தால் வருவதுபோல. ஓரிரு நாளில் அடங்கும். வட்டத்தை அழிக்காதீர்கள், நல்ல வேலை செய்தீர்கள். ஒரு வாரம் கழித்தும் இருந்தால், அல்லது கோட்டைத் தாண்டிப் பெரிதாகிக்கொண்டே போனால், காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், உடனே காட்டுங்கள். பேனா அழியும், ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


பனிப்பூனை:

பின்னால் வந்து பெர்ரி பறித்த அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிளம்புவதற்குள் அந்தக் காலுறை மாதிரி ஏதாவது திருப்பிக் கொடுங்கள், தேய்ந்தசெருப்பு மாதிரி மூன்று வருடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.


தேய்ந்தசெருப்பு:

அக்கா, இந்த வாரம் கொடுத்துவிடுகிறேன்.


அரைமைல்:

பூட்ஸைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள், அடுத்த சனிக்கிழமை சிப்போன்கோர்பி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம் என்றார்கள். இந்தத் தடவை அங்கேயே நின்று கேட்டுவிட்டேன், எத்தனை கிலோமீட்டர் என்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அளந்ததில்லை” என்றார்.